திரையில் தெரியும் நிலவை அப்படியே நம்பாதீர்கள்

போயா விடுமுறைதானே என்று தோட்டப் பாடசாலைகளில் வானம் பார்க்கும் நிகழ்ச்சியை முழுநிலவு இரவில் வைக்கத் தோன்றும். வானத்தைக் கணினியில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் அந்த இரவைப் போட்டுப் பார்த்தால் நிலவைச் சுற்றி விண்மீன்கள் தாராளமாகத் தெரியலாம். மைதானத்துக்குப் போனால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம்தான் தென்படும்.

வானப் பொருளின் பிரகாசத்தை மக்னிடியூட் என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். முழுநிலவின் மக்னிடியூட் சுமார் -12.7, விண்மீன்களிலேயே பிரகாசமான சிரியஸ் -1.5. வித்தியாசம் ஏறத்தாழ 30,000 மடங்கு. எந்தக் கணினித் திரையாலும் இதைக் காட்ட முடியாது. அதனால் மென்பொருள் நிலவை ஓர் அளவோடு நிறுத்தி, வானத்தை வெளுக்கச் செய்து ஈடுகட்டுகிறது. வளிமண்டலத்தை அணைத்து வைத்தால் அந்த வெளுப்பும் போய்விடும்.

ஆகவே ‘ஏ’ விசையை அழுத்தி வளிமண்டலத்தை இயக்குங்கள். எஃப்4 சாளரத்தில் கண் தகவமைப்பையும் (வெளிச்சத்துக்குக் கண் பழகுவதைப் போலக் காட்டும் தெரிவு) இயக்கி, நிலவைப் பெரிதாக்கும் தெரிவை நீக்குங்கள். நிலவின் உண்மை அகலம் அரைப் பாகைதான். அந்தத் தெரிவு வழக்கமாக அதை நாலு மடங்காக்கிவிடும்.

பாதிநிலவு பாதி வெளிச்சம் தரும் என்பதும் தவறு. அதன் மக்னிடியூட் சுமார் -10, அதாவது முழுநிலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெயில் சாய்வாக விழுவதால் மேடுபள்ளங்களின் நிழல் தரையை மறைக்கிறது. முழுநிலவன்று அந்த நிழல்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலவைச் சொடுக்கினால் வரும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், படத்தை அல்ல.

அந்த எண்ணும் உயரத்தோடு மாறும். நிலவு 10 பாகை உயரத்தில் இருந்தால் அதன் ஒளி உச்சியில் இருப்பதைவிட 5.6 மடங்கு காற்றைக் கடக்கிறது. ஒளிமங்கல் குணகம் (உச்சியில் இருக்கும் பொருளின் ஒளியைக் காற்று எத்தனை மக்னிடியூட் மங்கச் செய்கிறது என்ற எண்) 0.2 என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வந்து சேரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிவு என்பதால் தெளிந்த இரவுக்கு 0.15 பொருந்தும். பனிமூட்டத்தை எந்தக் குணகமும் காட்டாது.

எஃப்6இல் இடத்தைக் கொழும்பிலேயே விட்டுவிடாமல் உங்கள் ஊரையும் உயரத்தையும் கொடுங்கள். கிழக்கே மலை 8 பாகை எழுந்து நின்றால், திரையில் உதித்து அரை மணிக்கு மேல் கழிந்துதான் நிலவு தலைகாட்டும்.

பள்ளங்களும் விண்மீன்களும் இரண்டும் வேண்டுமானால் அமாவாசை கழிந்த 4ஆம், 5ஆம் நாட்களே நல்லது. இருட்டியதும் தொலைநோக்கியில் பள்ளங்களின் விளிம்பு நிழல்கள் கூர்மையாகத் தெரியும், இரவு 9.30 – 10.30க்குள் நிலவு மறைந்துவிடும், மேற்கே மலை இருந்தால் இன்னும் முன்னதாகவே.