ஒரு பக்கி வெளியே, ஒரு கார் உள்ளே

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிக்கப் வண்டிக்குப் பெயர் 'பக்கி'. தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாட்ஸ்வர்த்தில் பக்கத்து வீட்டு மாமா, அந்தப் பக்கிகளின் இருக்கைக்கு உறை தைக்கும் ஆலையில் வேலை செய்கிறார். அவர் மகள் வாங்கியதோ சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஹூண்டாய் கிராண்ட் ஐ10. "உங்க ஊர் கார் எங்க வேலையப் பறிக்குதே, தம்பி" என்றார்.

பாதி உண்மைதான். இந்த நாட்டில் இறக்குமதியாகும் கார்களில் எண்ணிக்கைப்படி இந்தியாவில் செய்தவையே அதிகம். இந்தியக் காருக்குச் சுங்கவரி 25 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியக் காருக்கு ஒப்பந்தப்படி 18. 2 லட்சம் ராண்ட் மதிப்புள்ள இந்தியக் கார் துறைமுகத்திலேயே 50,000 ராண்ட் கட்ட வேண்டும்.

1995இல் இந்த வரி 65 சதவீதம். அந்தச் சுவருக்குள் ஒவ்வொரு ஆலையும் பல மாடல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தது. அதுதான் வினை. தகடு அழுத்தும் அச்சுகளுக்கு 10 கோடி ராண்ட் ஆகிறது என்று வையுங்கள். 10,000 வண்டி செய்தால் ஒன்றின் தலையில் 10,000 ராண்ட். லட்சம் செய்தால் 1,000 மட்டும்.

அதனால் அரசு அந்த ஆண்டே ஆட்டத்தை மாற்றியது: ஒன்றிரண்டு மாடல்களை மொத்தமாகச் செய்து ஏற்றுமதி செய், அதற்கு ஈடாக மற்ற மாடல்களை வரிச் சலுகையோடு இறக்கிக்கொள். ஏற்றுமதிக்கென்றே சலுகை தருவது உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு இடிக்கும் என்பதால், 2013 முதல் ஏற்றுமதியை விட்டுவிட்டு, உள்நாட்டில் சேரும் மதிப்பை வைத்து, இறக்குமதி வரியில் கழித்துக்கொள்ளும் சான்றிதழ் தருகிறார்கள். இங்கே ஆலை இல்லாத நிறுவனம் அந்தச் சான்றிதழைத் தானாகச் சம்பாதிக்க முடியாது. ஆக, மாமா தைக்கும் ஒவ்வொரு உறையும் வேறொரு இறக்குமதிக் காரின் வரியைக் கொஞ்சம் குறைக்கிறது! எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகவும் படுகிறது, கொஞ்சம் விசித்திரமாகவும் படுகிறது.

ராண்ட் சரிந்தால் ஏற்றுமதிக்கு லாபம் என்பார்கள். வண்டியில் பாதிக்கு மேல் வெளிநாட்டு உதிரிபாகமாக இருக்கையில், அந்த லாபத்தில் பெரும்பங்கு வந்த வழியே போய்விடும்.

ஒரே மாடலை நம்பினால் ஆபத்தும் ஒரே இடத்தில் குவியும். இந்த நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் செய்யும் மெர்சிடிஸ் சி-கிளாஸ் அமெரிக்காவுக்கு வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கெல்லாம் 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அடி முதலில் விழுவது துணை ஆலைகளில்தான். இருக்கையை யாரும் கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. எந்த வண்டி எந்த வரிசையில் வருகிறதோ, அந்த வரிசையிலேயே நிறம் பார்த்து லாரியில் ஏற்றுவார்கள். கார் ஆலையில் உற்பத்தி நின்றால் அன்றைக்கே துணை ஆலையில் ஊசி நிற்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் புராஸ்பெக்டன் பகுதியில் உள்ள டொயோட்டா ஆலை மூழ்கியபோது மாமா அதைப் பார்த்தவர். வாரத்தில் மூன்று நாள் வேலை, மூன்று நாள் சம்பளம் என்றால் இங்கே அதற்கு 'ஷார்ட் டைம்' என்று பெயர்.

போன ஞாயிறு மகளின் காரில் ஏறியவர், இருக்கை ஓரத்து மடிப்பை விரலால் நெம்பிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு" என்றார், மனசே இல்லாமல்.