ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய காரின் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனைச் சுற்றி அமுக்கத்தை அடைக்கிற ரிங்குகளைப் புது செட்டாகப் போட்டு, வெளியே பெயின்டும் அடித்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் மறுபடி நீலப் புகையோடு வந்து நிற்கிற வண்டிகள் குறையவே மாட்டேன் என்கின்றன. கேட்டால் ஒரே பதில்: "எல்லாமே புதுசுதாங்க போட்டோம்." புதுசு போட்டீர்கள், சரி. அளந்தீர்களா?

ரிங்தான் தேயும், சிலிண்டர் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சிலிண்டரும் தேயும், அதுவும் ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் திரும்புகிற இடத்தை ஒட்டி அதிகம், அடியில் மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே விட்டம் 0.20 மி.மீ. கூடியிருந்தால் அங்கே சுற்றளவு 0.63 மி.மீ. கூடியிருக்கும். அடியில் தன் இரு முனைகளுக்கும் நடுவே 0.30 மி.மீ. இடைவெளி வைத்த ரிங், மேலே போனதும் 0.93 மி.மீ. வாய் பிளந்து நிற்கும். அமுக்கம் அந்த வழியாகத்தான் கீழே இறங்குகிறது. சரி, மேலேயே வைத்து 0.30 பார்த்துவிடலாம் என்றால், ரிங் கீழே வரும்போது இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும். பிறகு ரிங் உடையும், இல்லாவிட்டால் சுவரைக் கீறும். போதாக்குறைக்கு, சிலிண்டரின் உச்சியில் ரிங் தொடாத பகுதி தேயாமல் ஒரு வரம்பாக நிற்கும். புது ரிங்கின் கூரான விளிம்பு போய் அதில்தான் இடிக்கும். உருண்டையான ரிங்கை நீள்வட்டமாகிப்போன சிலிண்டரில் போட்டுவிட்டு, ரிங் கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கிற போர் கேஜை எடுங்கள். மேல், நடு, அடி என மூன்று இடங்களில், கிராங்குக்கு (இன்ஜினின் அடியில் சுழலும் தண்டு) நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள், எழுதி வையுங்கள். வித்தியாசம் 0.10 மி.மீ.யை நெருங்கினால் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கேற்ற பெரிய அளவு (ஓவர்சைஸ்) பிஸ்டன் கையில் வந்த பிறகே பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல், பிஸ்டனின் பாவாடைப் பகுதியை (ரிங்குகளுக்குக் கீழே உள்ள சுவர்), பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்கு போர் செய்யச் சொல்லுங்கள். ரிங் இடைவெளி, விட்டத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.10 மி.மீ. என்பது பொதுக்கணக்கு. 70 மி.மீ. சிலிண்டருக்கு 0.28 வரும்.

ஓவர்சைஸ் போட்டால் பவர் ஏறும் என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு: 70 மி.மீ.யை 70.5 ஆக்கினால் கொள்ளளவு 1.4 சதவீதம்தான் கூடும். 1,500 சிசி இன்ஜின் 1,521 ஆகும். அவ்வளவே.

கிராங்கும் அப்படித்தான். பேரிங்கில் சுழலும் அதன் ஜர்னல் பகுதி 0.025 மி.மீ.க்கு மேல் வட்டம் தவறியிருந்தால் கிரைண்ட் செய்து, சிறுத்துப்போன அந்த அளவுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுங்கள். நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. சுமாராகச் சரி.

அடுத்தது கழுவுவது. சுவரைக் கல்லால் தேய்த்துக் கோடு போடும் ஹோனிங் முடிந்த சிலிண்டரை பெட்ரோலிலும் டீசலிலும் கழுவாதீர்கள்! எத்தனை முறை சொல்வது? அவை எண்ணெயை மட்டும் கரைக்கும், கல்தூள் சுவரின் கோடுகளிலேயே தங்கிவிடும். புது ரிங்கை அதுவே தின்றுவிடும். வெந்நீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேயுங்கள். காய்ந்த கையோடு ஆயில் பூசாவிட்டால் உடனே துருப்பிடிக்கும். பிளாக்கிலும் கிராங்கிலும் ஆயில் பாதைகளின் பிளக்கைக் கழற்றி உள்ளே பிரஷ் விடாமல், காற்றடித்ததோடு விட்ட இன்ஜினில் புது பேரிங் முதல் நாளே கீறல் வாங்கும்.

பவர் கொஞ்சம் கூட்ட ஆசைப்படுவதில் தப்பில்லை. தயவுசெய்து அளவோடு ஆசைப்படுங்கள். பிஸ்டன், கனெக்டிங் ராடுகளை எடைபோட்டு ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்குள் கொண்டுவருவதும், கிராங்கை பேலன்ஸ் செய்வதும் ஓட்டும்போதே தெரியும். ஈயமில்லாத பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு மட்டும் கடின சீட் போதும். தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லது, ஆனால் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்த) வண்டியா என்று முதலில் பாருங்கள். மாற்றி இணைத்தால் மாட்யூல் அங்கேயே போய்விடும்.

கம்ப்ரஷனைக் கூட்ட, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைச் சீவுவதில்தான் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். 375 சிசி சிலிண்டருக்கு எரியறை 60 சிசி என்றால் கம்ப்ரஷன் விகிதம் 7.25. அறையை 50 ஆக்கினால் 8.5, 45 ஆக்கினால் 9.3. அறை என்பது ஹெட்டில் உள்ள குழி மட்டுமல்ல, கேஸ்கெட்டின் தடிமனும் பிஸ்டனுக்கு மேல் மிஞ்சும் இடமும் சேர்ந்தது. பியூரெட்டால் திரவம் விட்டு அளக்காமல் "இன்னும் கொஞ்சம்" என்று சீவினால் நாக்கிங் (எரிபொருள் தானாகவே வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும். பழைய எரியறைக்கு என் கணக்கில் 8.5 போதும். வெண்ணுலோகம் (மென்மையான உலோகக்கலவை) ஊற்றிய பேரிங் உள்ள மிகப் பழைய இன்ஜினில் இந்த ஆசையே வேண்டாம்.

வால்வுகளைத் திறக்கிற கேம் புதுசு போட்டால், அதன்மேல் உரசும் டேப்பட்டும் புதுசாகவே இருக்கட்டும், மாலிப்டினம் பேஸ்ட் பூசுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் காட்டிய பிறகே இன்ஜினை எழுப்புங்கள். எழுந்ததும் ஐடிலில் விட்டு ரசிக்காதீர்கள். ஐடிலில் கேமுக்குப் போதிய ஆயில் தெறிக்காது, அதன் முகடு தேய்ந்துவிடும். நேரே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய் 20 நிமிடம் வையுங்கள். ஆயில், துத்தநாகச் சேர்க்கை உள்ள பழைய வகையாக இருக்கட்டும். இன்ஜின் ஆறியதும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி உரிய முறுக்கு அளவுக்கு இறுக்கி (டார்க் செய்து), டேப்பட் இடைவெளியைச் சரிபாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் செம்பு நிறத்தில் துகள் மின்னினால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.