ஃபண்ட் அக்கவுண்டன்ட்: நிதிக் கணக்காளரா, நிதியக் கணக்காளரா?

ஃபண்ட் என்ற சொல்லின் மூலம் லத்தீனில் உள்ள ‘ஃபுண்டுஸ்’. அடி, அடித்தளம் என்று பொருள். நிலபுலத்தையும் ரோமர்கள் அப்படியே சொன்னார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலாகச் சேர்த்து வைத்த பணம் என்றானது. நாம் சொல்லும் ‘நிதி’ வடசொல். ‘கீழே வைக்கப்பட்டது’ என்பது அதன் வேர்ப்பொருள். அதனால்தான் புதையலைக் குறித்தது. அப்பர் பாடும் சங்கநிதியும் பதுமநிதியும் இந்தப் பொருளில் வருபவை. தொடர்பில்லாத இரண்டு வேர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஆனால் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸும் நிதி, ஃபண்டும் நிதி. நிதியமைச்சர், வருங்கால வைப்பு நிதி, பரஸ்பர நிதி எல்லாம் ஒரே சொல்லில் ஓடுகின்றன. இலங்கைத் தமிழில் ‘ஊழியர் சேமலாப நிதியம்’ என்று ஃபண்டைப் பிரித்தே சொல்கிறார்கள். நாமும் சர்வதேச நாணய நிதியம் என்று எழுதத்தான் செய்கிறோம். ‘நிதிக் கணக்காளர்’ என்றால் கம்பெனியின் சொந்த வரவு செலவைப் பார்ப்பவர் என்று தோன்றும். முதலீட்டாளர்களின் பொதுப் பணத்துக்குக் கணக்கு வைப்பவரை ‘நிதியக் கணக்காளர்’ என்பதே சரி.

கணக்கு என்ற சொல் எண்ணிக்கையோடு நின்றதில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் அது நூல். நக்கீரரின் தந்தையான மதுரைக் கணக்காயனார் பெயரில் கணக்காயர் என்பது ஆசிரியர். மணிமேகலையின் ‘சமயக் கணக்கர்’ தத்துவ வாதம் செய்பவர்கள். பிற்காலத்தில்தான் வரவு செலவு எழுதுபவர் கணக்குப்பிள்ளை ஆனார். மதராஸில் வணிகம் செய்த வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லையே ‘கானிகோபாலி’ என்று தங்கள் ஏடுகளில் எழுதிக்கொண்டார்கள்.

சீனியர் அக்கவுண்டன்ட் என்பதை ‘மூத்த கணக்காளர்’ என்றால் வயது முன்னால் வந்துவிடும். இது பதவிநிலை, முதுநிலை மேலாளர் போல ‘முதுநிலை நிதியக் கணக்காளர்’ எனலாம்.

அவர் மேசையில் தினமும் வந்து நிற்பது என்ஏவி, அதாவது நிகர சொத்து மதிப்பு. ஒரு நிதியத்தின் சொத்து 502 கோடி, கொடுக்க வேண்டியது 2 கோடி, முதலீட்டாளர்கள் கையில் உள்ள யூனிட்டுகள், அதாவது நிதியத்தின் சம கூறுகள், 20 கோடி என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 25 ரூபாய். நிதியத்துக்கு வந்த 40 லட்சம் டிவிடெண்டை ஜூனியர் தவறுதலாக இரண்டு முறை பதிந்துவிட்டால் 25.02 ஆகிவிடும். இரண்டே பைசா. ஆனால் அன்று 10 லட்சம் யூனிட்டுகளை விற்று வெளியேறுபவர் 20,000 ரூபாய் அதிகமாகக் கொண்டுபோவார். அது உள்ளே இருப்பவர்களின் பணம். பங்குகளைக் காப்பில் வைத்திருக்கும் கஸ்டோடியனின் பட்டியலோடும் வங்கிக் கணக்கோடும் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டு, டேலி ஆன பிறகே முதுநிலைக் கணக்காளர் ஒப்புதல் தருகிறார். அந்த இரண்டு பைசா அவரைத் தாண்டிப் போகக்கூடாது.