பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுத்த பணத்திற்குக் கனடாவில் வரிக்கழிவு

வேலைக்கோ படிப்புக்கோ போவதற்காகப் பிள்ளையை இன்னொருவரின் பொறுப்பில் விட்டு அதற்குப் பணம் கொடுக்கும் பெற்றோர், ரி778 படிவத்தை நிரப்பி, வருமான வரிப் படிவத்தின் 21400ஆம் வரியில் (line 21400) அத்தொகையைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பார்ப்பவர் உரிமம் பெற்ற நிலையம் நடத்துபவராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அயல்வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். நீங்களோ உங்கள் துணையோ அவரைத் தங்கிவாழ்பவராகக் காட்டி வேறு வரிச்சலுகை கோராதவரை, அம்மம்மாவாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் தாய் தந்தைக்கோ 18 வயது நிரம்பாத உறவினருக்கோ கொடுத்தது சேராது. தம்பியைப் பார்த்துக்கொண்ட 17 வயது அக்காவுக்குக் கொடுத்த காசை எந்தக் கணக்காளராலும் இதற்குள் நுழைக்க முடியாது. கொண்டாட்டத்துக்குப் போன இரவுக்கு ஆள் வைத்த செலவும் அப்படித்தான்.

பெரும்பாலான கோரிக்கைகள் சறுக்குவது பற்றுச்சீட்டில்தான். தனிநபர் ஒருவர் பிள்ளையைப் பார்த்திருந்தால், அவர் தரும் பற்றுச்சீட்டில் அவருடைய சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் இருக்கவேண்டும். அந்தப் பணத்தை அவர் தம் வருமானமாகக் காட்டவேண்டும் என்பதால் சிலர் இலக்கம் தரத் தயங்குவார்கள். ஆகவே இதை ஆண்டு முடிவில் அல்லாமல், ஆளை அமர்த்தும் நாளிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. பற்றுச்சீட்டுகளை வரிப் படிவத்துடன் அனுப்பத் தேவையில்லை, ஆறு ஆண்டுகள் பத்திரப்படுத்தினால் போதும்.

ஆண்டு முடிவில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000 டொலரும், 7 முதல் 16 வயது வரையான பிள்ளைக்கு 5,000 டொலரும், ஊனமுற்றோர் வரிச்சலுகைக்குத் தகுதிபெற்ற பிள்ளைக்கு 11,000 டொலரும் உச்ச எல்லைகளாகும். இவற்றைக் கூட்டி வரும் மொத்தமே கணக்கு என்பதால், 4, 9 வயதுப் பிள்ளைகள் இருவருக்கான 13,000 டொலர் எல்லையை இளைய பிள்ளைக்கான செலவே நிரப்பினாலும் தடையில்லை. ஆனால் கழிவு, கோருபவர் உழைத்த வருமானத்தின் மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டக்கூடாது. தம்பதியரில் வருமானம் குறைந்தவரே பொதுவாகக் கோரவேண்டும். வருமானம் குறைந்தவர் படித்துக்கொண்டிருந்தது, நோய்வாய்ப்பட்டிருந்தது போன்ற சில நிலைமைகளில் மட்டும் இது மாறும். கோருபவர் 18,000 டொலர் உழைத்து, மேற்சொன்ன இரு பிள்ளைகளின் பராமரிப்புக்கு 12,600 டொலர் கொடுத்திருந்தால், 12,000 டொலரையே கழிக்கலாம்.

இவ்வளவு குறைந்த வருமானத்தில் மிச்சமாகும் வரி சொற்பமே. ஆயினும் குடும்பத்தின் நிகர வருமானம் குறைவதால், கனடா பிள்ளை நலக் கொடுப்பனவு உயரக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவில் குடும்ப வருமானம் 150,000 டொலரைத் தாண்டாதவர்கள், 21400ஆம் வரியில் கழிவு கோரிய செலவுக்கு, வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை மாகாணத்தின் கெயார் வரிச்சலுகையையும் பெறலாம். செலுத்தவேண்டிய வரி இல்லாதவர்களுக்கும் அது பணமாகவே கிடைக்கும்.

பார்ப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் வகுத்த நேரத்திலும் முறையிலும் வேலைசெய்தால், சட்டப்படி நீங்கள் அவருடைய முதலாளியாகக் கருதப்படலாம். அப்படியானால் கனடா வருமான முகவரகத்தில் சம்பளக் கணக்கு திறந்து, ஓய்வூதியத் திட்டத்துக்கும் வேலைக் காப்புறுதிக்கும் பணம் பிடித்துக் கட்டி, அடுத்த ஆண்டு பெப்ரவரி முடிவதற்குள் சம்பளத்தையும் பிடித்த தொகைகளையும் காட்டும் ரி4 படிவத்தை அவருக்குக் கொடுக்கவேண்டும்.