உறுமல் வேண்டும், ரீங்காரம் வேண்டாம்: மஸ்டாங் எக்ஸாஸ்டுக்குள் ஓர் அலைக் கணக்கு

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்கள் முதலில் கைவைக்கும் இடம் எக்ஸாஸ்ட்தான். மாற்றிய சில நாட்களில் பலரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் பிரமாதம். ஆனால் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது காருக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரே ரீங்காரம், தலை வலிக்கிறது. சைலன்சர் மட்டமா?”

சைலன்சர் நல்லதாகவே இருக்கலாம். கோளாறு அலைநீளத்தில் இருக்கிறது. 2015–17 மாடல் ஜிடியை எடுத்துக்கொள்வோம். 5.0 லிட்டர் வி8, 435 குதிரைத்திறன்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். “இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும், இல்லையென்றால் டார்க் (இழுவை) போய்விடும்” என்று ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வார்கள். பின்னழுத்தத்தால் இழுவை கூடுவதில்லை. புகையை வெளியே தள்ள பிஸ்டன் செலவிடும் வேலை மட்டுமே கூடுகிறது. குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) இழுவை குறைவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் வாயு வேகம் குறைவதும் அலைகளின் நேரம் தப்புவதும்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. அறைக் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 700 டிகிரி செல்சியஸ் புகையில் ஏறக்குறைய 600 மீட்டர். ஹெடர் என்பது சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதி. அதன் நான்கு குழாய்களும் சேரும் கலெக்டரில் இடம் சட்டென்று அகல்வதால், அந்த அலை குறையழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுமுன் அது வந்து சேர்ந்தால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சிவிடும். 86 செ.மீ. நீளக் குழாயில் போய்வர சுமார் 2.9 மில்லிநொடி. அதற்குள் 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) 103 டிகிரி சுழன்றிருக்கும், 3000-ல் பாதிதான். ஆகவே எந்த ஹெடரும் எல்லா ஆர்பிஎம்மிலும் சமமாக உதவாது. ரேஸ் டிராக்குக்கே போகாத காருக்கு 1⅞ அங்குலத்தை விட 1¾ அங்குலக் குழாய்கள் கொண்ட ஹெடரே பொருத்தம்.

அடுத்தது அந்த உறுமல். இந்த இன்ஜினின் எரிவரிசை, அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-5-4-8-6-3-7-2. வலப்பக்கம் 1 முதல் 4 வரை, இடப்பக்கம் 5 முதல் 8 வரை. மொத்தத்தில் 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு என்று சீராகத்தான் வருகிறது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் இடைவெளிகள் 180, 270, 180, 90 என்று தடுமாறும். முறுக்குகள் 90 டிகிரி இடைவெளியில் சிலுவை போல அமைந்த கிராஸ்-பிளேன் கிராங்க் ஷாஃப்ட்டின் கைவண்ணம் இது. அமெரிக்க வி8-இன் ‘கடகட’ உறுமல் இந்தத் தடுமாற்றத்திலிருந்தே பிறக்கிறது. மஸ்டாங்கின் இன்னொரு மாடலான ஷெல்பி ஜிடி350-இல் இருந்தது, முறுக்குகள் ஒரே தளத்தில் அமைந்த ஃபிளாட்-பிளேன் கிராங்க். ஒவ்வொரு பக்கமும் 180 டிகிரிக்கு ஒன்றாகச் சீராக வெடிக்கும், அதனால்தான் அதன் குரலே வேறு.

இரு பக்கக் குழாய்களையும் எச்-பைப்பால் இணைத்தால் அழுத்தம் ஓரளவே பகிரப்படும், தடுமாற்றம் தங்கும், பழைய கனத்த குரல் கிடைக்கும். எக்ஸ்-பைப்பில் இரு ஓட்டங்களும் கலந்து துடிப்புகள் சீராகும், குரல் கூர்மையாகும், மேல் ஆர்பிஎம்மில் சக்தியும் சற்றுக் கூடும். தினசரி ஓட்டும் காருக்கு என் தேர்வு எச்-பைப்.

இப்போது ரீங்காரம். 3.31 பின் ஆக்சில் பல்சக்கர விகிதம் கொண்ட மேனுவல் ஜிடி, ஆறாவது கியரில் 70 மைல் வேகத்தில் ஏறக்குறைய 1800–1900 ஆர்பிஎம்மில் ஓடும். 1800 என்றால் நொடிக்கு 30 சுற்று. வி8-இல் சுற்றுக்கு நான்கு வெடிப்பு, ஆக 120 ஹெர்ட்ஸ். காரின் உள்ளறையும் பின்பக்கத் தகடுகளும் இந்த அதிர்வெண்ணுக்கு அருகில் ஒத்ததிர்ந்தால் சத்தம் பெருகிக் காதை அடைக்கும்.

இதற்கு மருந்து, எங்கேயும் போய்ச் சேராத ஒரு குழாய். பெயர் ஜே-பைப். முதன்மைக் குழாயிலிருந்து கிளைத்து, மறுமுனையில் மூடி வெல்ட் செய்யப்பட்டிருக்கும். பிளஸ் ஒன் ஆய்வகத்தில் இசைக்கவையை அடித்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி, காற்றுத் தம்பத்தின் ஒத்ததிர்வு நீளம் கண்டோமே, அதே கால் அலைநீளக் கணக்குதான் இங்கும். கிளையின் நீளம் கால் அலைநீளம் என்றால், உள்ளே போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பும்போது மொத்தம் அரை அலைநீளம் கடந்திருக்கும். முதன்மைக் குழாயில் முகடு வரும் கணத்தில் கிளையிலிருந்து அகடு வருகிறது. இரண்டும் சந்திப்பில் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. ஆற்றல் மாயமாவதில்லை, அந்த அதிர்வெண் மட்டும் இன்ஜின் பக்கமே திருப்பி அனுப்பப்படுகிறது. புகை ஓட்டம் இந்த முட்டுச்சந்துக்குள் போகாததால் சக்தி இழப்பும் இல்லை.

இதன் உண்மையான அழகு அடுத்ததில் இருக்கிறது. கால் அலைநீளக் குழாய் ஒற்றைப்படை மடங்குகளை மட்டுமே பிடிக்கும்: 120, 360, 600. இரட்டைப்படையான 240-ஐத் தொடவே தொடாது. 240 ஹெர்ட்ஸ் என்பது 3600 ஆர்பிஎம்மின் வெடிப்பு அதிர்வெண். அதாவது சீராகப் போகும்போது வாயடைக்கும் அதே குழாய், ஓவர்டேக் செய்ய மிதிக்கும்போது உறுமலை அப்படியே விட்டுவிடுகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் இது நடக்கிறது!

நீளம் காண, ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். பலரும் வழுக்குவது வெப்பநிலையில். பாடப்புத்தக 343-ஐப் போட்டால் 71 செ.மீ. வரும். கிளைக்குள் தேங்கும் வாயு 150 டிகிரி என்றால் ஒலி 410 மீட்டர் வேகத்தில் ஓடும், தேவை 85 செ.மீ. 71-ல் வெட்டிய குழாய் 143 ஹெர்ட்ஸை, அதாவது 2150 ஆர்பிஎம்மை அமைதியாக்கும். உங்கள் ரீங்காரம் அசையாது. ஆகவே முதலில் நகரும் நீட்டிப்பையும் மூடியையும் கிளாம்பால் இறுக்கி, ஓட்டிப் பார்த்து, ஃபோனில் ஒலி அலைமாலை காட்டும் செயலியால் உச்சத்தைச் சரிபார்த்த பிறகே வெல்ட் செய்யுங்கள். இரண்டு குழாய்களுக்கும் ஒவ்வொன்று தேவை. விட்டம் முதன்மைக் குழாய் அளவே இருக்கட்டும், குறுகினால் பலன் தரும் ஆர்பிஎம் பட்டையும் குறுகும். வால்முனைக்கு மிக அருகில் வைக்காதீர்கள்; அங்கே அழுத்த அலைவு ஏற்கெனவே குறைவு, ரத்து செய்ய ஒன்றும் இருக்காது.

டாட்ஜ் சேலஞ்சர் 5.7 ஆட்டோமேட்டிக்கில் சிக்கல் கூடும். மிதமான ஓட்டத்தில் அது நான்கு சிலிண்டர்களை அணைத்துவிடுவதால் 1800-ல் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், குழாய் 1.7 மீட்டர். காரடியில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

சைலன்சரில் அறை வைத்த வகை, அலைகளைத் தடுப்புகளில் மோதவிட்டு அடக்கும். குரல் கட்டையாக இருக்கும், ரீங்காரம் வர வாய்ப்பு அதிகம். நேர்வழி வகையில் துளையிட்ட குழாயைச் சுற்றிய இழை, உயர் அதிர்வெண்களை விழுங்கும். மலிவான கண்ணாடியிழை வருடங்களில் எரிந்து உதிர, சத்தம் ஏறிக்கொண்டே போகும். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு குறைக்கிறது என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கும் வீடியோவில் 120 ஹெர்ட்ஸ் சரியாக ஒலிப்பதே இல்லை.

குழாய்க்கு 304 ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், குறிப்பாக மிச்சிகன் போல பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில். 409 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகையில் குரோமியம் 11 சதவீத அளவுதான், மேலே துரு பூக்கும். காந்தம் பலமாக ஒட்டினால் அது 304 அல்ல. பெரிய மாற்றங்கள் இல்லாத இன்ஜினுக்கு இரட்டை 2½ அங்குலக் குழாயே தாராளம். கேட்-பேக் (கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி) மட்டும் மாற்றினால் கிடைப்பது சில குதிரைத்திறன்தான், வாங்குவது குரலை.

புகையின் நச்சைக் குறைக்கும் அந்தக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்பவர்களிடம் காரை விடாதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அது சட்டவிரோதம். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420, பி0430 கோளாறுக் குறியீடுகளோடு எச்சரிக்கை விளக்கும் எரியும். அதைவிட, கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தெருவில் நடக்கும் குழந்தையின் மூச்சில் விடுவதற்குக் கொஞ்சம் சத்தம் ஈடாகாது. கலிஃபோர்னியாவில் சத்தத்துக்கும் வரம்பு உண்டு: 95 டெசிபல்.

பொருத்தும்போது எல்லா இணைப்புகளையும் தளர்வாக மாட்டி, வால்முனையை நேராக்கி, பிறகே முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். யு-போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கும், அப்புறம் கழற்ற அறுக்கத்தான் வேண்டும். பட்டை கிளாம்ப் நல்லது. 2 மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 14 மி.மீ. நீளும், பம்பரையோ ஆக்சிலையோ உரசாமல் இடம் விடுங்கள். 100 மைல் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஆபத்து: குறையழுத்த அலை கடக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் “பெட்ரோல் குறைவு” என்று தவறாகச் சொல்லும், கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். வேக்கும் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தை வால்முனையில் பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழ் வரும் இடம் தெரிந்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே பாருங்கள்.