ஈக்வலைசரை ஏற்றும் முன் நாற்காலியை நகர்த்துங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கிறேன். ‘காயில்’ என்னும் கம்பிச்சுருள் கருகிய ஊஃபர், அதாவது பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) தரும் ஸ்பீக்கர், இந்த மாதம் இது மூன்றாவது. முன்பக்கக் கூம்பான கோனை விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே கரகரவென உரசுகிறது, தீய்ந்த வாடை வேறு. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, சேமநிதிப் பணத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. “பேஸ் வரவே மாட்டேங்குது தம்பி, அதான் ஏத்தினேன்” என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுரங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 40 ஹெர்ட்ஸ் ஸ்லைடர் உச்சியில் நின்றது, 12 டெசிபல். அறை நீளம் 14 அடி, ஐயாவின் நாற்காலி நட்டநடுவில். நம் ஊர் வெக்கையில் அந்த நீளத்துக்குரிய முதல் ஒத்ததிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியும் அதே 41தான். அந்தச் சுரத்துக்கு அறையின் நடு ஒரு பள்ளம், ஒலி வற்றிப்போகும் இடம். சுவரோரம் போய் நின்றால் அதே சுரம் நெஞ்சில் இடிக்கிறது!

ஏற்றினால் பள்ளம் நிரம்பும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நிரம்பாது. ஸ்பீக்கரிலிருந்து வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. நீங்கள் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், அழிப்பதும் அதே அளவு ஏறும். ஆனால் 12 டெசிபலுக்கு ஆம்ப்ளிஃபயர் 16 மடங்கு சக்தி கொடுத்தாக வேண்டும். காது அதைக் கேட்காது, காயில்தான் தாங்கும். தாங்காதபோது என்னிடம் வரும்.

புதுக் காயில் போட்டு, ஸ்லைடரை நடுவுக்கு இறக்கி, நாற்காலியை இரண்டடி பின்னே தள்ளினோம். ஐயா ஒரு பாட்டு முழுக்கப் பேசவே இல்லை.

இளைஞர்கள் செய்வது வேறு தப்பு. ஓர் அங்குல ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். ஓர் அங்குலம் அதை என்ன செய்யும்? மேல் சுரங்களை மட்டும் குடித்துவிடும், பேஸ் அப்படியே முழங்கும். அப்புறம் பாட்டு மந்தமாக இருக்கிறது என்று ட்ரெபிளை, அதாவது அதே மேல் சுரங்களை, ஏற்றுகிறார்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

முதலில் உட்காரும் இடம், பிறகு அறை, கடைசியில்தான் ஈக்வலைசர். கைதட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ‘டிர்ர்’ என்று பதில் சொன்னால் கம்பளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்த, நாற்காலியிலிருந்து அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒலி உறிஞ்சும் பேனல் மாட்டுங்கள். மூலைகளில் குறைந்தது நான்கு அங்குல ராக்வூல் (கல்நார் அல்ல, பாறையிலிருந்து செய்த கம்பளிப் பலகை), துணி சுற்றி. வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குலம் விடுங்கள், இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு சுரம் முழங்கினால், அளவு மைக் ஒன்றை இரவல் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் அளந்து, அந்த மேட்டை மட்டும் இறக்குங்கள். பள்ளத்தைத் தொடாதீர்கள், தயவுசெய்து.