மூன்று வேலை, மூன்று இலக்கம்

சென்ற மாதம் நிலாவெளியிலிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே சம்பளச் சிட்டைகளும், ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எப்.) உறுப்பினர் என்பதைக் காட்டும் இரண்டு பி அட்டைகளும் கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. 55 வயது நிறைந்துவிட்டது. "தம்பி, ஈ.பி.எப். காசை எடுக்க வேண்டும், படிவத்தை நிரப்பித் தாருங்கள்" என்றார்.

அவர் மூன்று இடங்களில் வேலை செய்திருக்கிறார். முதலில் சீனக்குடாவில் ஒரு தொழிற்சாலை, பிறகு கொழும்பில் ஒரு களஞ்சியசாலை, கடைசியில் உப்புவெளியில் ஒரு ஹோட்டல். ஹோட்டல் தந்த உறுப்பினர் இலக்கம் மட்டுமே அவருக்குத் தெரியும். பழைய காசெல்லாம் அதில் தானாகச் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருந்தார். இந்த ஊரில் கணக்கு வேலை பார்க்கும் எனக்கு, இந்த நம்பிக்கையைக் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போகின்றன. வேலை மாறினால் புதிய இடத்தில் புதிய இலக்கம். பழைய கணக்கு அப்படியே நிற்கும். நீங்கள் கேட்டால்தான் இரண்டையும் இணைப்பார்கள். சில நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்ற சொந்தச் சேமலாப நிதியை நடத்துகின்றன. அந்தக் காசு ஊழியர் சேமலாப நிதியைப் பராமரிக்கும் மத்திய வங்கியிடம் இருக்காது, அந்த நிதியின் பொறுப்பாளர்களிடம்தான் கேட்க வேண்டும். முதலாளி மட்டும் செலுத்தும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதி இன்னொரு சபையிடம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பமும் வேறு.

பெரியவரின் தொழிற்சாலைக் கணக்கில் பெயர் தகப்பனாரின் முதலெழுத்தோடு பதிவாகியிருந்தது, ஹோட்டல் கணக்கில் முழுப்பெயர். தொழிற்சாலை இன்னும் இயங்குவதால் உறுதிப்படுத்தும் கடிதம் ஒரே வாரத்தில் கிடைத்தது. களஞ்சியசாலைச் சிட்டையில் அடையாள அட்டை இலக்கத்தில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தது. ஓர் இலக்கம்தான். ஆனால் அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, கையெழுத்திட யாருமில்லை. சத்தியக்கடதாசி, பழைய சிட்டைகள் என்று அவர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். இந்த வயதில் வெயிலில் பஸ் ஏறி இறங்கும் அவரைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே வேலையை விட்டு வரும் நாளிலேயே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனம் இருக்கும்போதே திருத்துங்கள். ஒவ்வொரு கணக்கிலும் பின்னுரித்தாளியாக (உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவராக) யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய பெயரே நிற்பதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

புறப்படும்போது பெரியவர் சட்டைப்பையிலிருந்து மகனின் சம்பளச் சிட்டையை எடுத்துக் காட்டினார். மூதூரில் அவனுக்கு இது இரண்டாவது வேலை. உறுப்பினர் இலக்கம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. முதல் வேலையின் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.